மதியம் ஆனால் இன்ஜின் லீன் ஆகி நிற்கிறது: 50 ரக நைட்ரோ ஹெலிகாப்டர், உதவி தேவை

செங்காங்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மாதமாக ஒரே பிரச்சினையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்.

50 ரக (சுமார் 8 சிசி இன்ஜின்) நைட்ரோ ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஓ.எஸ். 50 ஹைப்பர் இன்ஜின், 600 மில்லிமீட்டர் பிளேடு, கவர்னர் (சுழற்சி வேகத்தைச் சீராக வைக்கும் கருவி) பொருத்தியிருக்கிறது. 15 சதவீத நைட்ரோ எண்ணெய் (மெத்தனாலில் நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருள்) ஊற்றுகிறேன். இதற்கு முன் பேட்டரி ஹெலிகாப்டர் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். ஹோவர் (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவது), எட்டு போடுவது வரை நிதானமாக வரும்.

காலை எட்டு மணிக்குக் கிளப்பினால் நன்றாக ஓடுகிறது, வெள்ளைப் புகை சீராக வருகிறது. பதினொரு மணிக்கு மேல் பறக்கவிட்டால் நடுவிலேயே புகை மெலிந்து, சத்தம் கீச்சென்று ஏறி, வால் வெட்டுகிறது. பத்து விநாடிக்குள் இன்ஜின் நின்றுவிடுகிறது. போன ஞாயிறு இரண்டு மீட்டர் உயரத்தில் நின்றது. ஹெலிகாப்டரின் கால் ஒன்று உடைந்ததோடு போயிற்று.

வெயில் ஏற ஏற லீன் ஆகிறது (கலவையில் எரிபொருள் குறைகிறது) என்று நினைத்து மெயின் நீடிலை, அதாவது எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை, திறந்துகொண்டே வந்தேன். ஒன்றரைச் சுற்றில் தொடங்கி இப்போது இரண்டேகால். காலையில் இன்ஜின் இருமுகிறது, மதியம் அப்போதும் நிற்கிறது. நம் சிங்கப்பூர் வெயிலுக்கு நீடிலை எப்படி வைக்கிறீர்கள்? இல்லை, இன்ஜினையே மாற்றி 55 அல்லது 90 போட்டுவிடலாமா? அடுக்குமாடி புளோக்கில் இன்ஜினை ஓட்டிப் பார்க்க முடியாது, வாரத்தில் ஒரு நாள்தான் திடலுக்குப் போகிறேன். ஒரு யோசனை தவறினால் ஒரு வாரம் போய்விடுகிறது.

ஈசூன் பறவை:

புரோ, 15 சதவீதம் ஹெலிகாப்டருக்குக் குறைவு. 30 சதவீத எண்ணெய்க்கு மாறிப் பாருங்கள், பிளக்கையும் புதிதாகப் போடுங்கள். எனக்கு ஐடில் (குறைந்த சுழற்சியில் சும்மா ஓடுவது) தடுமாறியபோது அப்படித்தான் சரியானது.

உட்லண்ட்ஸ் பழைய கை:

தம்பி, எதையும் வாங்காதீர்கள், நீடிலையும் தொடாதீர்கள். முதலில் நீங்கள் எழுதியதில் ஒன்று ஒத்துப்போகவில்லை.

காற்று சூடானால் அடர்த்தி குறையும். அதே கன அளவில் ஆக்சிஜன் குறையும். எரிபொருள் அதே அளவு வந்தால் கலவை ரிச் (எரிபொருள் கூடிய) பக்கம் போக வேண்டுமே தவிர லீன் ஆகக் கூடாது. அதுவும் 25 டிகிரிக்கும் 33 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் 3 சதவீதம்கூட வராது. ஈரப்பதத்தையும் பழி சொல்ல முடியாது. இங்கே காலையில் 90 சதவீதத்துக்கு மேல், மதியம் 60 பக்கம் என்று காட்டினாலும் காற்றில் உள்ள நீராவியின் அளவு நாள் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும், அதனால் சதவீதம் மட்டும் இறங்குகிறது. வெயிலுக்காக நான் ஒரு நாளில் இரண்டு மூன்று கிளிக்குக்கு (நீடிலின் சிறு படிகளுக்கு) மேல் திருப்பியதே இல்லை. நீங்கள் முக்கால் சுற்றுத் திறந்திருக்கிறீர்கள்.

ஈசூன் தம்பி சொன்ன எண்ணெய் நல்லதுதான், ஆனால் இப்போது வேண்டாம். நைட்ரோமீத்தேன் தனக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்திருக்கிறது. அதே காற்றுக்கு மெத்தனாலைவிடப் பல மடங்கு கூடுதலாக ஊற்ற வேண்டும். 15-இலிருந்து 30-க்கு மாறினால் நீடிலை இன்னும் திறக்க வேண்டிவரும். ஏற்கெனவே லீன் ஆகி நிற்கிற இன்ஜினில் அதைச் செய்தால் குழப்பம்தான் கூடும்.

இரண்டு விவரம் சொல்லுங்கள். காலையில் எத்தனை நிமிடம் பறக்கிறீர்கள், மதியம் எத்தனை நிமிடம்? அப்புறம், சோதிக்கும்போது கவர்னர் ஓடுகிறதா?

செங்காங்காரன்:

அண்ணே, யோசித்துப் பார்த்தால் காலையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பறந்ததே இல்லை. கை நடுங்கும், இறக்கிவிட்டு மறுபடி நிரப்பிக்கொள்வேன். மதியம் தைரியம் வந்துவிடும், டேங்க் தீரும்வரை ஓட்டுவேன். ஏழாவது எட்டாவது நிமிடத்தில்தான் நிற்கிறது. கவர்னர் எப்போதும் ஓடுகிறது.

உட்லண்ட்ஸ் பழைய கை:

அதுதான் விஷயம். மணியைப் பார்க்காதீர்கள், டேங்க்கைப் பாருங்கள். டேங்க் நிறைய இருக்கும்போது நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே போனதும் லீன் ஆகிறது என்றால் எரிபொருளோடு எங்கோ காற்றும் சேர்ந்து போகிறது. நீடில் தானாகத் திரும்பாது. நேரம் ஆக ஆக வருகிற லீனுக்குக் காரணத்தை நீடிலில் தேடக் கூடாது.

கவர்னரை நிறுத்திவிட்டுத்தான் இன்ஜினை டியூன் செய்ய வேண்டும். கலவை லீன் ஆகிச் சுழற்சி ஏறும்போது கவர்னர் திராட்டிலை (கார்புரேட்டரின் வாயை) மூடிச் சமாளித்துவிடும். நோய் முற்றிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

டேங்க்கைக் கழற்றுங்கள். இதை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு குழாயை அடைத்து, மூன்றாவதில் ஊசியில்லாத சிரிஞ்சால் காற்றை அழுத்தி, வாளித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். எண்ணெயை முதலில் முழுக்க வடித்துவிடுங்கள், அடுப்புப் பக்கமே போகாதீர்கள். மெத்தனால் தீப்பிடித்தால் பகலில் கண்ணுக்கே தெரியாது.

செங்காங்காரன்:

நேற்று இரவு செய்தேன் அண்ணே. ஒரு குமிழிகூட வரவில்லை. மஃப்ளரிலிருந்து டேங்க்குக்கு வரும் அழுத்தக் குழாயும் நன்றாக இருக்கிறது. அப்படியானால் டேங்க் காரணம் இல்லையா?

ஜூரோங் மெக்கானிக்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். தண்ணீர்ச் சோதனை டேங்க்கின் வெளிச்சுவரையும் ரப்பர் மூடியையும்தான் சோதிக்கும். உள்ளே எண்ணெயை உறிஞ்சும் சிலிக்கான் குழாயில் ஓட்டை இருந்தால் அந்தக் காற்று டேங்க்குக்குள்ளேயே கிடக்கும், வெளியே குமிழி வராது. ரப்பர் மூடியைக் கழற்றி, குழாயைக் கிளங்கோடு (அதன் நுனியில் உள்ள உறிஞ்சும் எடை) வெளியே எடுங்கள். கிளங்கை விரலால் அடைத்துக்கொண்டு மறுமுனையில் சிரிஞ்சால் அழுத்துங்கள். குழாயைக் கொஞ்சம் வளைத்தும் பாருங்கள், வளைத்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். உலோகக் குழாயின் விளிம்பு உட்காரும் இடத்தில் அறுந்திருப்பதை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

செங்காங்காரன்:

அண்ணே, கண்டுபிடித்துவிட்டேன்! உலோகக் குழாயின் விளிம்புக்குச் சரியாகக் கீழே, நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. நேராகப் பிடித்தால் தெரியவே இல்லை, வளைத்ததும் காற்று புஸ்ஸென்று வந்தது. டேங்க்கின் பாதி உயரத்தில் இருக்கிறது. எண்ணெய் அதற்கு மேல் இருக்கும்வரை வெடிப்பு வழியாகவும் எண்ணெய்தான் போயிருக்கிறது. கீழே இறங்கியதும் காற்றை உறிஞ்சியிருக்கிறது. ஒரு மாதமாக நீடிலைத் திருகிக்கொண்டிருந்தேன்.

புதுக் குழாய் போட்டு, உலோக விளிம்பை நைசு உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். இனி நீடிலை எங்கே வைப்பது?

உட்லண்ட்ஸ் பழைய கை:

மிக நல்ல வேலை. பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். கம்பி சாம்பல் பூத்தோ முறுக்கியோ இருந்தால் மாற்றுங்கள், இத்தனை முறை லீன் ஆன பிறகு அதை நம்ப முடியாது.

மெயின் நீடிலை ஒன்றேமுக்கால் சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். கவர்னர் நிறுத்தம். ஒரு நிமிடம் ஹோவரில் சூடேறட்டும். பிறகு ஹோவரிலிருந்து நேராக மேலே ஏற்றுங்கள், சட்டப்படியான 200 அடிக்கு வெகு கீழேயே இது தெரிந்துவிடும். கட்டியான புகையோடு சோம்பலாக ஏறினால் ரிச், இறக்கி இரண்டு கிளிக் மூடுங்கள். ஜம்மென்று ஏறத் தொடங்கி, பாதியில் சோர்ந்து புகையும் மெலிந்தால் லீன். அப்போது ஏற்றத்தை உடனே விட்டு இறக்கி, மூன்று நான்கு கிளிக் திறவுங்கள். ஏற்றம் முழுக்க ஒரே சத்தமும் விடாத புகையும் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். இன்னும் கொஞ்சம் பலம் கிடைக்குமே என்று மேலும் ஒரு கிளிக் மூடத் தோன்றும். வேண்டாம்.

அடுத்து ஐடில் நீடில், குறைந்த சுழற்சிக்கான எரிபொருள் திருகு. ஹோவரில் திராட்டில் பாதிதான் திறந்திருப்பதால் அங்கேயும் இதன் பேச்சு எடுபடும். தரையில், திராட்டில் ஹோல்டு (திராட்டிலை ஐடிலிலேயே பூட்டும் சுவிட்ச்) போட்டு, ஒரு கையால் ரோட்டர் தலையைப் பிடித்துக்கொண்டு, ஐடிலில் எரிபொருள் குழாயைக் கிள்ளுங்கள். உடனே அணைந்தால் லீன். இரண்டு மூன்று விநாடி ஓடி, சுழற்சி கொஞ்சம் ஏறி அணைந்தால் சரி. வெகுநேரம் ஓடி நிறைய ஏறினால் ரிச். ஐடிலைத் திருத்திய பிறகு மெயினை இன்னொரு முறை சரிபாருங்கள், ஒன்று மற்றொன்றை இழுக்கும். இறக்கியதும் இன்ஜினின் பின்மூடியில் விரல் வையுங்கள். நான்கைந்து விநாடி தாங்க முடிந்தால் கவலையில்லை.

இன்ஜின் மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். 55 அதே மவுண்டில் உட்காரும். 8 சிசி சுமார் 9 சிசி ஆகும், பலம் கூடும், எண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும். ஹோவரும் எட்டும் போடுகிற உங்களுக்கு அந்தப் பலம் தேவைப்படாது. 90 என்பது 15 சிசி. அதற்கு 700 மில்லிமீட்டர் அளவு பிளேடும் தனி உடலும் வேண்டும், எடை ஐந்து கிலோ பக்கம் போகும். விமான நிலையங்களையும் விமானத் தளங்களையும் சுற்றி 5 கிலோமீட்டர் கழித்தால் நம் தீவில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அந்தப் பெரிய இயந்திரத்தை நிம்மதியாக ஓட்ட இடம் கிடைப்பது கஷ்டம். 50 உங்களுக்குப் பல வருடம் போதும். பழையதாக வாங்கியது என்கிறீர்கள், உங்கள் பெயரில் பதிவு செய்துவிட்டீர்களா? 1.5 கிலோவுக்கு மேல் என்பதால் அடிப்படைப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

செங்காங்காரன்:

பதிவும் பயிற்சியும் முடித்துவிட்டேன் அண்ணே.

இன்று திடலுக்குப் போய்வந்தேன். பிளக் கம்பி சாம்பல் பூத்திருந்தது, மாற்றினேன். மெயின் ஒன்றரைச் சுற்றும் மூன்று கிளிக்கும் என்ற இடத்தில் நின்றது. ஐடிலைக் கால் சுற்றுக்கும் குறைவாக மூடினேன். பன்னிரண்டரை மணி வெயிலில் பதினொரு நிமிடம் பறந்தேன், கடைசிவரை புகை நிற்காமல் வந்தது. இறக்கிப் பார்த்தபோது டேங்க்கில் விரற்கடை அளவுதான் எண்ணெய் இருந்தது. அதன் பிறகுதான் கவர்னரை ஓடவிட்டேன், வால் அசையவே இல்லை. உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மெக்கானிக் அண்ணே, அந்தக் குழாயை வளைத்துப் பார்க்கச் சொல்லியிருக்காவிட்டால் இன்னும் திருகிக்கொண்டிருப்பேன்.

ஜூரோங் மெக்கானிக்:

மகிழ்ச்சி தம்பி. இன்றிரவே டேங்க்கை வடித்துவிடுங்கள். கார்புரேட்டரில் மிச்சமிருப்பதையும் ஓட்டித் தீர்க்காமல் விட்டிருந்தால், பிளக்கைக் கழற்றி உள்ளே நாலு சொட்டு ஆஃப்டர் ரன் ஆயில் (ஓட்டி முடித்ததும் விடும் துருத்தடுப்பு எண்ணெய்) விட்டுக் கையால் சுற்றிவிடுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றில் பின் பேரிங் துருப்பிடிக்க ஒரு வாரம் போதும். எண்ணெய் டின் மூடியையும் இறுக்கி வையுங்கள்.