கெட்டுப்போன ஓவியத்தை எப்போது கைவிடுவீர்கள்?

வணக்கம். பல வருடங்களாகப் பென்சிலில் மட்டும்தான் வரைந்தேன். கை பழகிவிட்டது, சலிப்பும் வந்துவிட்டது. சரி, துணிந்து பார்ப்போம் என்று நனைத்த தாளில் நீர்வண்ணம் தீட்ட ஆரம்பித்தேன். இதுவரை 14 தாள்கள் வீண். முதல் பூச்சு காய்வதற்குள் ஈரத் தூரிகையால் தொட்டுவிடுகிறேன். ஓரமெல்லாம் காலிஃபிளவர் மாதிரி விரிகிறது. ஆரஞ்சும் நீலமும் கலந்து சேறாகின்றன. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கொண்ட தடித்த பருத்தித் தாளுக்கு மாறியதில் தாள் நெளிவது மட்டும் குறைந்தது. (அதன் விலையை நினைத்தாலே கை நடுங்குகிறது, அது வேறு கதை.)

எதையும் கிழிக்கவில்லை, எங்கே தவறியது என்று பின்பக்கம் எழுதி வைக்கிறேன். ஆனால் படம் கைமீறும்போது அப்படியே நிறுத்துவதா, மேலும் தீட்டி மீட்கப் பார்ப்பதா என்பதுதான் பிடிபடவில்லை. நீங்கள் எப்படி முடிவெடுக்கிறீர்கள்? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.