கூடப் போனவரின் நாட்குறிப்பு வேறு சொல்கிறது. பயண நூலை இனி எப்படி வாசிப்பது?

கேள்வி

பயண நூல்கள்தான் என் பிரியமான வாசிப்பு. சமீபத்தில் ஜப்பானியக் கவி பாஷோவின் 'ஓகு நோ ஹோசோமிச்சி' வாசித்தேன். 1689-இல் சோரா என்ற சீடருடன் அவர் வடக்கே நடந்து போன கதை. அதில் இச்சிபுரி என்ற ஊரில் ஒரு விடுதி வருகிறது. அடுத்த அறையில் இரண்டு கணிகையர் தங்கள் வாழ்க்கையை நினைத்து வருந்திப் பேசுவது பாஷோவின் காதில் விழுகிறது. மறுநாள் காலையில், வழி தெரியவில்லை, உங்கள் பின்னாலேயே வருகிறோம் என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். அவர் மறுத்துவிட்டு நடக்கிறார். ஆனால் வெகுநேரம் அவருக்கு மனம் ஆறவில்லை. எனக்கும்தான்.

அப்புறம்தான் தெரிந்தது, சோராவும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார் என்று. அது 1943-இல் அச்சானது. அதில் இந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பாஷோவோ, அன்று எழுதிய கவிதையைச் சோராவிடம் சொன்னதாகவும் அவர் குறித்துக்கொண்டதாகவும் எழுதுகிறார்.

இப்போது எந்தப் பயண நூலை எடுத்தாலும் 'இது நடந்ததா?' என்ற கேள்வி கூடவே வருகிறது. உங்களுக்கு இப்படி ஆகியிருக்கிறதா? எப்படி வாசிக்கிறீர்கள்?

மறுமொழி 1

பயண நூல்களில் எனக்கு மிகவும் பிடித்த இடமே நீங்கள் சந்தேகப்படும் இந்த இடம்தான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இந்த நூல்களில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள்: நடந்தவர், எழுதுகிறவர். பெயர் ஒன்றுதான், வயது வேறு. நடந்தவருக்கு அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எழுதுகிறவருக்கு எல்லாம் முடிந்துபோன கதை. இரண்டு குரலும் சேர்ந்து கேட்கும் பக்கங்களுக்காகவே நான் வாசிக்கிறேன்.

ஆப்ஸ்லி செரி-காரர்ட் 1922-இல் வெளியிட்ட அண்டார்க்டிக் நூலைச் சொல்லலாம். 1911-இன் துருவக் குளிர்காலம், சூரியனே எழாத வாரங்கள். எம்பரர் பென்குயினின் முட்டைக்காக மூன்று பேர் சறுக்குவண்டிகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். குளிர் மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. ஒருநாள் கூடாரத்துக்கு வெளியே வந்து தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்க்கிறார் செரி-காரர்ட். கால் நிமிடத்துக்குள் உடுப்பு உறைந்து இறுகிவிடுகிறது, தலையைக் கீழே இறக்க முடியவில்லை. நிமிர்ந்த தலையோடு நான்கு மணி நேரம் வண்டி இழுக்கிறார். அதன்பிறகு மூவரும் உறைவதற்கு முன்பே இழுப்பதற்கு வாகாகக் குனிந்துகொள்ளப் பழகிவிடுகிறார்கள். இதெல்லாம் நடந்தவரின் குரல்.

கூடப் போன வில்சனும் பவர்ஸும் அடுத்த ஆண்டு பயணக் குழுத் தலைவர் ஸ்காட்டுடன் தென் துருவம் போய்த் திரும்பும் வழியில் இறந்துவிட்டார்கள். செரி-காரர்ட் பத்து ஆண்டு கழித்துத் தனியாக உட்கார்ந்து எழுதுகிறார். அந்தக் குளிரிலும் 'தயவுசெய்து', 'நன்றி' என்று சொல்ல நாங்கள் மறக்கவில்லை என்று ஓரிடத்தில் சொல்கிறார். விரல் மரத்துப்போய் நிற்கும்போது அதெல்லாம் யாருக்கும் பெரிதாகப்படாது. அந்த இரண்டு பேரையும் இழந்த பிறகுதான் அதை எழுதத் தோன்றும். எனக்கு முட்டைகளைவிட அந்த வரி முக்கியம்.

பாஷோ அந்த நூலை 1694-இல் இறப்பதற்குச் சில காலம் முன்புவரை திருத்திக்கொண்டே இருந்தார். 1702-இல்தான் அது அச்சாயிற்று. அவ்வளவு நாள் அவர் கூடவே வைத்திருந்த பக்கங்களில் இச்சிபுரியும் ஒன்று. உதவி கேட்டவர்களை விட்டுவிட்டு நடந்த வருத்தத்தை எங்கோ உணர்ந்திருக்காமல் அதை எழுதியிருக்க முடியாது என்பது என் நம்பிக்கை. சோராவின் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். ஒருவர் மழையையும் தங்கிய இடத்தையும் எழுதுகிறார். இன்னொருவர் அதே சாலையிலிருந்து ஒரு கவிதை நூலைக் கட்டி எழுப்புகிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்கக் கிடைத்திருப்பது நமக்குப் பெரிய கொடுப்பினை.

மறுமொழி 2

மேலே சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கவிஞருக்கு அந்தச் சலுகை சரி. எல்லோருக்கும் கொடுத்துவிட முடியாது.

யுவான் சுவாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவிலிருந்து கிளம்பி இந்தியா வந்து 645-இல் திரும்பிப் போன பௌத்தத் துறவி. எந்த ஊரிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் அடுத்த ஊர் என்று எழுதிக்கொண்டே போகிறார். 19-ஆம் நூற்றாண்டில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் அந்தத் திசைகளையும் தூரங்களையும் பிடித்துக்கொண்டுதான் புதைந்துகிடந்த பௌத்தத் தலங்களைத் தேடினார். மனதில் நின்றதை மட்டும் யுவான் சுவாங் எழுதியிருந்தால் அந்த இடங்களை எப்படித் தேடியிருப்பார்கள்? வெறும் தூரமும் திசையும் சலிப்பு என்று பலர் தாண்டிப்போவார்கள். எனக்கு அதுதான் ருசி. வரைபடத்தை விரித்துக்கொண்டு கூடவே போகலாம்.

தமிழில் ஏ.கே. செட்டியாரைப் பிடிப்பதும் இதனால்தான். தன்னை முன்னால் நிறுத்தாமல், பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சோராவின் குறிப்பைத் தேடப்போகிறேன். முதலில் பதில் சொன்னவரிடம் ஒன்று கேட்கவேண்டும்: நடந்தவர், எழுதுகிறவர் இருவரையும் ஒரே நூலில் தனித்தனியாகப் பார்க்க முடியுமா?

மறுமொழி 1

முடியும். ஆங்கிலப் பயண எழுத்தாளர் பேட்ரிக் லீ ஃபெர்மரின் நூலில். 1933 டிசம்பரில், 18 வயதில், ஹாலந்துக் கரையில் இறங்கி கான்ஸ்டாண்டிநோபிளை நோக்கி நடக்க ஆரம்பித்தார். மியூனிக்கில் முதுகுப்பையோடு முதல் நாட்குறிப்பும் திருடுபோனது. முதல் பாகம் வெளிவந்தது 1977-இல், அவருடைய 62-ஆவது வயதில். இரண்டாம் பாகம் 1986-இல். மூன்றாவதை முடிக்காமலே 2011-இல் இறந்துவிட்டார். மீதி கிடைத்ததைத் தொகுத்து 2013-இல் வெளியிட்டார்கள்.

நீங்கள் கேட்டது அந்த மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. பெரும்பகுதி பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதியது. கடைசிப் பகுதி மட்டும் 1935-இல் கிரீஸின் ஆதோஸ் மலை மடங்களில் அவர் எழுதிய அசல் நாட்குறிப்பு. நீண்ட வாக்கியங்களில் சுழன்று சுழன்று போகும் பெரியவர் ஓரிடத்தில் நின்றுவிடுகிறார். அங்கிருந்து ஓர் இளைஞன், பனி, நனைந்த உடை, அன்றைய சாப்பாடு, அன்று பேசிய துறவி என்று பேச ஆரம்பிக்கிறான்.

யுவான் சுவாங் பற்றி நண்பர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். தூரத்தைச் சொல்ல வந்தவர் தூரத்தைச் சரியாகச் சொல்லவேண்டும். ஃபெர்மர் சொல்ல வந்தது வேறு.

ஒன்று மட்டும்: நேராக மூன்றாம் பாகத்துக்குப் போய்விடாதீர்கள். முதல் பாகத்திலிருந்து ஆரம்பியுங்கள். அந்தப் பெரியவரின் குரல் நன்றாகப் பழகியிருந்தால்தான் நாட்குறிப்பு வரும்போது வித்தியாசம் தெரியும்.