சோப்புக் கம்பெனிக்கும் பல்லுயிருக்கும் என்ன சம்பந்தம்?

கொள்முதல்காரன்:
சோப்பு தயாரிக்கும் நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். பல்லுயிர்ச் சூழலை நாம் எவ்வளவு நம்பியிருக்கிறோம், எவ்வளவு பாதிக்கிறோம் என்று அறிக்கை கேட்கிறார்கள். தொழிற்சாலையைச் சுற்றிலும் கான்கிரீட்தான். வளாகத்தில் மரம் நட்டதை எழுதினால் போதாதா? கார்பன் கணக்கு மாதிரி ஒரே எண்ணில் சொல்ல வழி உண்டா?

காட்டுப்பூனை:
மரத்தைப் படமெடுத்து ஒட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் இந்த மாதிரி அறிக்கைகளைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. நான் முதலில் புரட்டுவது கொள்முதல் பட்டியலை. அது உங்கள் மேசையிலேயே இருக்கிறது.

சோப்பு என்றால் பெரும்பாலும் பாமாயில் இருக்கும். மலேசியத் தோட்டங்களில் ஒரு காலத்தில் எண்ணெய்ப்பனைக்கு ஆள் வைத்துக் கையால்தான் மகரந்தம் தூவினார்கள். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு பொடிக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆண் பூங்கொத்தில் முட்டையிட்டு வளர்வது அது. வாசனைக்குப் பெண் பூவுக்கும் போய்வரும். காய்ப்பு கூடியது, தூவும் கூலி போயிற்று. இப்படி ஒரு வண்டை நம்பியிருப்பது சார்பு. அதே தோட்டத்துக்காக மழைக்காட்டை அழித்திருந்தால் அது பாதிப்பு. தயவுசெய்து இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பாதீர்கள். பாதி அறிக்கைகள் அங்கேதான் சொதப்புகின்றன.

ஒரே எண் கிடையாது. கார்பன் எங்கே கிளம்பினாலும் வளிமண்டலத்துக்கு ஒன்றுதான். ஒரு ஹெக்டேர் காடு அப்படியா? எந்த இடம், அங்கே என்னென்ன வாழ்கிறது என்று பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

நீர்க்கோழி:
மேலிடம் கேட்பதற்கும் காரணம் உண்டு. 2022 டிசம்பரில் நாடுகள் ஏற்ற குன்மிங்–மான்ட்ரியல் பல்லுயிர் உடன்பாட்டின் 15ஆவது இலக்கு இதுதான்: பெரிய நிறுவனங்கள் தங்கள் சார்பையும் பாதிப்பையும் கணித்து வெளியிடும்படி அரசுகள் செய்ய வேண்டும். நிறுவனங்கள் இயற்கை பற்றி எப்படி அறிக்கை தர வேண்டும் என்று சொல்லும் சர்வதேசப் பணிக்குழு டிஎன்எஃப்டி. 2023 செப்டம்பரில் வந்த அதன் பரிந்துரைகளும் இடத்தைக் கண்டுபிடிப்பதிலிருந்தே தொடங்குகின்றன.

கொள்முதல்காரன்:
அங்கேதான் இடிக்கிறது. எந்த ஆலையில் பிழிந்தது என்று கேட்டால் சப்ளையர் சொல்லிவிடுவார். தோட்டத்தைக் கேட்டால் வாயே திறப்பதில்லை.

காட்டுப்பூனை:
ஆலை தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. வெட்டிய குலையை ஓரிரு நாளில் பிழியாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் தோட்டம் வெகுதூரத்தில் இருக்க வாய்ப்பில்லை. ஆலையைச் சுற்றி 50 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு, செயற்கைக்கோள் படத்தில் காடு எங்கே குறைந்திருக்கிறது என்று பாருங்கள். தோட்டத்தின் பெயர் தெரியவில்லை என்பதையும் அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். பிறகு அந்தப் படத்தோடு சப்ளையரிடம் போய் மறுபடி கேளுங்கள்.