இச்சாப்பூர் 2ஏ1-இல் கடை .308 போடலாமா? (பழைய பட்டாளத் துப்பாக்கிகளுக்கு மலிவுத் தோட்டா)

பேரல்_பாண்டி (ஓஹையோ):
"த்ரீ நாட் த்ரீ (.303) தோட்டா வாங்கிக் கட்டுப்படியாகவில்லையா? துப்பாக்கியை விற்றுவிட்டு இச்சாப்பூர் 2ஏ1 வாங்குங்கள். எந்தக் கடையிலும் கிடைக்கிற .308 போதும்" என்று நேற்று இங்கே ஒருவர் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். நாலு பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள்.

2ஏ1 என்ன வானத்திலிருந்து குதித்ததா? முதல் உலகப் போரில் ஓடிய அதே எஸ்.எம்.எல்.ஈ. (.303 சுடுகிற பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டு) ஆக்‌ஷன். தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடுகிற போல்ட்டைப் பூட்டும் காதுகள் பின்பக்கம். .303-க்கு அழுத்த வரம்பு 49,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), .308-க்கு 62,000. காசு மிச்சம் பிடிக்கப் போய்க் கண்ணைப் பறிகொடுக்காதீர்கள்.

டெக்சாஸ்_சேது:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம்.

2ஏ1 என்பது குழல் மாற்றிய .303 இல்லை. இதை இந்த இடத்தில் எத்தனை முறை எழுதுவது? 1962-இல் சீனாவோடு மோதியபோது நம் ஜவான்கள் கையில் இருந்தது த்ரீ நாட் த்ரீ. அந்தப் போருக்குப் பிறகுதான் வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலை 7.62 நேட்டோ தோட்டாவுக்கென்றே (.308-இன் பட்டாள இரட்டை) இதைப் புதிதாகச் செய்தது. எக்ஸ்ட்ராக்டரை (சுட்ட கூட்டை வெளியே இழுக்கிற கொக்கி) மாற்றினார்கள், விளிம்பில்லாத தோட்டா என்பதால். மேகசின் சதுரப் பெட்டி, 12 தோட்டா. 2ஏ1-இல் குறிபார்க்கும் சைட்டை 2000 மீட்டரிலிருந்து 800-க்குக் குறைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எஃகு வேறு. திரும்பவும் சொல்கிறேன், எஃகு வேறு.

பேரல்_பாண்டி:
எந்த எஃகு? இதற்கு மட்டும் பதில் வராது. நேட்டோ 50,000, .308 62,000. நடுவில் பன்னிரண்டாயிரம் இருக்கிறது. எஃகு வேறு, எஃகு வேறு என்று ஜபம் செய்தால் அது குறைந்துவிடுமா?

டெக்சாஸ்_சேது:
அந்த 50,000 செம்பு உருளையை நசுக்கி அளந்தது. 62,000 மின் உணரியில் அளந்தது. .308-ஐயும் செம்பில் அளந்தால் 52,000தான். நேட்டோ தோட்டாவை உணரியில் அளந்தால் அறுபதாயிரத்தைத் தொடும், 415 மெகாபாஸ்கல். நீங்கள் கிலோவிலிருந்து பவுண்டைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறீர்கள்.

வடக்கு_வாசி (டொராண்டோ):
தலைப்பு மலிவுத் தோட்டா எண்டுதானே போட்டிருக்கு? அதைக் கதைப்பமே. .303-ஐ ஏன் விக்க வேணும்? சேர்பியாவிலிருந்து வருகிற பிரீவி பார்ட்டிசான் வாங்குங்கோ. பாக்ஸர் ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கிற மூடி, கழற்றி மாற்றலாம்), பித்தளைக் கூடு. சுட்ட கூட்டை எறியாமல் வீட்டில் நிரப்பலாம். லீ என்ஃபீல்டின் அறை கொஞ்சம் தாராளம், அதனால் நிரப்பேக்கை கூட்டின் கழுத்தை மட்டும் அழுத்தினால் கூடு கூடக் காலம் வரும். இங்கே வடக்கில் கனடாப் படையின் ரேஞ்சர்ஸ் எத்தனையோ வருசம் .303-தான் வச்சிருந்தவை.

டெக்சாஸ்_சேது:
ரேஞ்சர்களுக்கு இப்போது என்ன கொடுத்திருக்கிறார்கள் அண்ணே? சி19 துப்பாக்கி. என்ன தோட்டா? .308. என் கட்சிக்கு வந்ததற்கு நன்றி.

வடக்கு_வாசி:
தம்பி, அது ஃபின்லாந்து டிக்கா நிறுவன வடிவத்தில் செய்த புதுத் துவக்கு. உங்கட இச்சாப்பூரோடு அதுக்கு என்ன சொந்தம்? நான் கூட்டைப் பற்றிக் கேட்டனான்.

மோசின்_முருகு:
அன்றே சொன்னேன், மோசின் நகான் (பழைய ரஷ்யப் பட்டாளத் துப்பாக்கி) வாங்குங்கள் என்று. கேட்டீர்களா? நூறு டாலருக்குள் துப்பாக்கி, 440 தோட்டா அடைத்த தகர டப்பா. சாயங்காலம் முழுக்கச் சுடலாம்.

டெக்சாஸ்_சேது:
எந்த ஆண்டு விலை இது? அந்த மோசின் இன்றைக்குப் பல நூறு டாலர். 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்கு அமெரிக்கா தடை போட்டபோது நீர் ஊரில் இல்லையா?

மோசின்_முருகு:
என் டப்பாக்கள் பல்கேரியா. தடைக்கு முன்பே வாங்கி அடுக்கியாயிற்று. உங்களைப் போல ஒவ்வொரு பெட்டியாக வாங்கிப் புலம்புகிற ஆள் இல்லை நான்.

பேரல்_பாண்டி:
முருகு, அந்த டப்பாத் தோட்டாவின் ப்ரைமர் உப்பு கக்குமே, அதையும் சொல்லுங்கள். பொட்டாசியம் குளோரேட் வெடித்தால் மிஞ்சுவது குளோரைடு. காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும்.

மோசின்_முருகு:
கண்ணாடி துடைக்கிற நீலத் திரவம் ரெண்டு பீய்ச்சு. அமோனியா உப்பை முறித்துவிடும். முடிந்தது கதை.

பேரல்_பாண்டி:
அமோனியா உப்பை முறிக்காது ஐயா! உப்பைக் கரைப்பது அதில் இருக்கிற தண்ணீர். வெந்நீர் ஊற்றித் துடைத்து எண்ணெய் போட்டால் போதும். பத்துப் பைசா செலவில்லை.

மோசின்_முருகு:
என் குழல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வந்து பாருங்கள்.

கோடம்பாக்கம்_குமார்:
சென்னையிலிருந்து ஒரு வேடிக்கை மனிதனின் குறுக்கீடு. இந்தியாவில் .303 பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட குழல் அளவு. பொதுமக்களுக்கு அதே இச்சாப்பூர் .315 தான் செய்து விற்றது. உத்தரப் பிரதேசப் போலீஸ் .303-க்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு நாளில்தான். எங்களுக்குக் காட்சிப் பெட்டியில் பார்க்கத்தான் கொடுப்பினை. நீங்களோ வெந்நீரா, நீலத் தண்ணீரா என்று அடித்துக்கொள்கிறீர்கள். நடத்துங்கள்.

டெக்சாஸ்_சேது:
குமார், அந்த .315-உம் லீ என்ஃபீல்டு ஆக்‌ஷன்தான். இச்சாப்பூருக்கு வேலை தெரியும் என்பதற்கு இன்னொரு சாட்சி. எஃகு விஷயத்தில் விளையாடுகிற ஆட்கள் இல்லை அவர்கள். நம்மவன் செய்தது என்றாலே இங்கே சிலருக்கு இளக்காரம். இதையே ஜெர்மன்காரன் செய்திருந்தால் பாண்டி பூ போட்டுக் கும்பிட்டிருப்பார்.

பேரல்_பாண்டி:
தேசபக்தியை இழுக்காதீர்கள். "நம்மவன்" செய்த 7.62 உபரித் தோட்டா இந்த நாட்டுச் சந்தையில் என்ன பெயர் எடுத்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். கலவைச் சரக்கு என்று தொடாமல் போனவர்கள் உண்டு. அதற்கும் எஃகு வேறு என்பீர்களா?

அழுத்தத்தை விடுங்கள், ஹெட்ஸ்பேஸுக்கு (மூடிய போல்ட்டுக்கும் தோட்டா முட்டி நிற்கிற இடத்துக்கும் உள்ள நீளம்) வாருங்கள். நேட்டோ அறைக்கு 'கோ' அளவு (குறைந்தபட்சம் இருக்க வேண்டியது) 1.6355 அங்குலம். .308-இன் 'நோ கோ' அளவே (இதைத் தொட்டால் அறை அதிகத் தளர்வு) 1.634. அதாவது நேட்டோவுக்குச் சரியாக இருக்கிற அறை .308-க்கு ஏற்கெனவே தொளதொள. பட்டாளத் தோட்டாவின் கூடு தடித்தது, தாங்கும். கடைக் கூடு மெலிசு. பின்பக்கம் பூட்டுகிற ஆக்‌ஷன், அதுவும் அறுபது வயதுக் கிழவன். கூடு நடுவில் பிளந்தால் யார் பொறுப்பு?

டெக்சாஸ்_சேது:
அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டாம் என்றேனா? எந்தப் பழைய துப்பாக்கியையும் வாங்கினவுடன் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) காட்டத்தான் வேண்டும். உங்கள் .303-ஐயும் சேர்த்து. உங்கள் வாதத்துக்கு அடிப்படை "அதே பழைய ஆக்‌ஷன்" என்பது. அது பொய். எஃகு வேறு.

பேரல்_பாண்டி:
எந்த எஃகு???

வடக்கு_வாசி:
பிரீவி கூடு சுட்டது ஆரிட்டையாவது சும்மா கிடக்கோ?

டெக்சாஸ்_சேது:
பாண்டியின் கோபத்துக்குக் காரணம் அழுத்தமும் இல்லை, எஃகும் இல்லை. போன குளிர்காலத்தில் என்னிடம் ஒரு 2ஏ1 மேகசின் வாங்கினார். தன் .303-இல் மாட்டிப் பார்த்துவிட்டு தோட்டா ஏறவில்லை என்று ஊரெல்லாம் சொன்னார். 7.62 மேகசினில் விளிம்புத் தோட்டா எப்படி ஏறும்? இவர்தான் இன்று நமக்குப் பாடம் எடுக்கிறார்.

பேரல்_பாண்டி:
".303 மேகசின், சுத்தமானது" என்று விளம்பரம் எழுதியது நீர்! படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தபால் செலவைக்கூடத் திருப்பித் தரவில்லை.

டெக்சாஸ்_சேது:
"என்ஃபீல்டு மேகசின்" என்றுதான் எழுதினேன். படத்தைப் போடுங்கள் பார்ப்போம். பெட்டி சதுரமாக இருப்பது கண்ணுக்குத் தெரியாதா?

மோசின்_முருகு:
மோசினில் இந்தத் தொல்லையே இல்லை. மேகசின் துப்பாக்கியோடு ஒட்டியது.

டெக்சாஸ்_சேது:
முருகு, உம்மை யாரும் கேட்கவில்லை.

பாண்டி, கணக்குக்கே வருகிறேன். .303 பெட்டியில் வாங்கினால் தோட்டாவுக்கு ஒரு டாலரைத் தாண்டுகிறது. .308 பயிற்சித் தோட்டா அதைவிடக் குறைவு, மளிகைச் சாமான் வாங்கப் போகிற ஊரிலேயே கிடைக்கும். .308 வேண்டாம் என்று பயந்தால் 7.62 நேட்டோ என்று அச்சிட்ட பெட்டியையே வாங்குங்கள். எப்படிப் பார்த்தாலும் உங்கள் .303-ஐவிட என் துப்பாக்கிக்குத் தீனி மலிவு. முடிந்தால் இதை மறுத்து எழுதுங்கள்.

பேரல்_பாண்டி:
ஆஹா! "எந்தக் கடை .308-உம் போதும்" என்று ஆரம்பித்தவர் இப்போது "நேட்டோ என்று அச்சிட்ட பெட்டி"க்கு வந்துவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸ்_சேது:
வரவில்லை. பயந்தவர்களுக்கு என்று எழுதியிருக்கிறேன். படிக்கத் தெரிந்தால் படியுங்கள். நான் .308-தான் சுடுகிறேன், சுடுவேன்.

பேரல்_பாண்டி:
சுடுங்கள். பக்கத்து லேனில் என்னை நிற்கச் சொல்லாதீர்கள். தபால் செலவு பதினாலு டாலர், அதையும் அனுப்பிவிடுங்கள்.