புதுப்பிப்பு: தடித்த எழுத்து ஏன் மாறவில்லை?

முன்பு கேட்டிருந்தேன்: மார்க்டவுனில் (நட்சத்திரம் போன்ற குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் முறை) எழுதியதை பாண்டாக் (கோப்பு வடிவங்களை மாற்றித் தரும் மென்பொருள்) வழியாக வேர்டு கோப்பாக மாற்றினால், சில இடங்களில் எழுத்து தடிக்காமல் நட்சத்திரக் குறிகள் அப்படியே நிற்கின்றனவே, ஏன் என்று. எழுத்துருவைச் சந்தேகப்பட்டேன். பாவம், அதன் மேல் தவறில்லை.

சிக்கிய வரிகளைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். **வரைவு**க்கு என்பது ஒழுங்காகத் தடிக்கிறது. **"வரைவு"**க்கு என்பதுதான் அடம்பிடிக்கிறது. உள்ளீட்டு வடிவம் காமன்மார்க் (மார்க்டவுனின் விதிகளைத் திட்டமாக வரையறுத்த வடிவம்) என்று கொடுத்திருந்தேன். அதன் விதிப்படி, மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் வந்தால் அது மூடும் குறியாகவே கணக்கில் வராது. ஆங்கிலத்தில் மேற்கோளுக்குப் பின் பெரும்பாலும் இடைவெளி வந்துவிடும்; நமக்கு வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டுதானே வரும்!

மேற்கோளை நட்சத்திரங்களுக்கு வெளியே தள்ளி "**வரைவு**"க்கு என்று எழுதினால் சரியாகிவிடுகிறது. இல்லையென்றால் பாண்டாக்கின் சொந்த மார்க்டவுன் வடிவத்தைக் கொடுக்கலாம், அதில் இந்தக் கெடுபிடி இல்லை. ஆனால் அங்கே வேறொரு வம்பு: பட்டியலுக்கு முன் ஒரு வெற்று வரி விடாவிட்டால், முழுப் பட்டியலும் மேலே உள்ள பத்தியோடு ஒட்டிவிடும். எனக்கு முதல் வழியே போதும்.

அப்புறம், அடிக்கோட்டுக் குறியால் சாய்வெழுத்து போடுபவர்கள் கவனிக்க: _வரைவு_க்கு என்பது இரண்டு வடிவத்திலும் சாயாது. உருபு ஒட்டும் இடத்தில் ஒற்றை நட்சத்திரம்தான் கைகொடுக்கும்.

அட்டவணைகளை இன்னும் தொடவில்லை.