"நிலா ஏன் கூடவே வருகிறது?": மூன்று வயது மகளுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி (ஒரு தாய்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. கண் விழித்தது முதல் உறங்கும் வரை ‘ஏன்’ என்ற கேள்வி ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. நேற்றிரவு வண்டியில் வீடு திரும்பும்போது, "நிலா ஏம்மா நம்ம கூடவே வருது?" என்று கேட்டாள். "அதுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்" என்றேன். வீட்டு வாசலில் இறங்கியதும், "அப்புறம் ஏன் உள்ளே வரல?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நான் சொன்னதை அவள் அப்படியே நம்பி, அதன் மேல் அடுத்த கேள்வியை எழுப்பியிருக்கிறாள் என்பது என்னை மிகவும் உறுத்துகிறது. களைத்துப்போன வேளைகளில் "அது அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறேன். அப்போதும் அவள் விடுவதில்லை. இந்த வயதுக் குழந்தைக்கு உண்மையான காரணத்தைச் சொல்வதால் பயன் உண்டா?

பதில் 1 (இரு குழந்தைகளின் தந்தை):
நிச்சயம் உண்டு, சகோதரி. சிறு குழந்தைகள் பெரியவர்களுடன் பேசும் உரையாடல்களை ஆராய்ந்து 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்த பிறகு என் வழக்கத்தையே மாற்றிக்கொண்டேன். காரணம் அடங்கிய பதில் கிடைத்தபோது குழந்தைகள் அதை ஒப்புக்கொண்டார்கள், அல்லது அதிலிருந்து புதிய கேள்விக்குச் சென்றார்கள். காரணம் இல்லாத பதில் கிடைத்தபோதோ அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள், அல்லது தாங்களே ஒரு விளக்கம் சொன்னார்கள். அவள் விடாமல் கேட்பது பிடிவாதத்தால் அல்ல. கேட்டது இன்னும் கிடைக்கவில்லை என்பதால்தான்.

பதில் 2 (தமிழாசிரியர்):
நம் இலக்கணம் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பிரிக்கிறது. குழந்தை கேட்பதெல்லாம் அறியாவினா என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பதில் தெரிந்த பின்னும், அதை நம் வாயால் மறுபடி கேட்பதற்காகவே அவர்கள் கேட்பதுண்டு. அப்போது "நீயே சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள். மேலும், ‘ஏன்’ என்ற ஒரே சொல்லுக்குள் ‘எதனால்’, ‘எதற்காக’ என்னும் இரண்டும் அடங்கியிருக்கின்றன. "மழை ஏன் பெய்கிறது?" என்ற கேள்வி, மழையால் யாருக்குப் பயன் என்பதாகவும் இருக்கலாம். எதைக் கேட்கிறாள் என்று அறியாமல் நீராவியில் தொடங்கினால், விளக்கம் சரியாக இருந்தும் அவளைச் சென்றடையாது.

பதில் 3 (அறிவியல் ஆசிரியை, ஒரு தாய்):
நிலா தம்மைப் பின்தொடர்வதாகக் குழந்தைகள் நம்புவதை உளவியலாளர் ழான் பியாஜே வெகுகாலம் முன்பே பதிவு செய்திருக்கிறார். நிலாவுக்கும் விருப்பம் உண்டு என்று எண்ணுவது இந்த வயதின் இயல்பு என்பதால் நீங்கள் வருந்த வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணத்தை நாமே ஊட்ட வேண்டியதும் இல்லை. உண்மையான காரணம் தொலைவுதான். நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது; நாம் 10 கி.மீ. பயணம் செய்தாலும், அந்தப் பயணத்தால் அது தென்படும் திசையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஏற்படாது. இந்த எண் அவளுக்கு வேண்டாம். பகலில் ஜன்னலோரம் அமரவைத்து, பக்கத்து மரம் சட்டென்று பின்னால் போவதையும், தூரத்து மரம் மெதுவாக நகர்வதையும் காட்டுங்கள். பிறகு, "நிலா இன்னும் ரொம்ப ரொம்பத் தூரம்" என்று சொன்னால் போதும்.

கேட்ட தாய்:
மிக்க நன்றி. இன்று மாலை மரங்களைக் காட்டினேன். "கிட்ட இருக்கிற மரம் வேகமா ஓடுது, தூரத்து மரம் மெல்ல ஓடுது" என்றாள். மரம் ஓடாது என்று திருத்த வேண்டுமா?

பதில் 3 (அறிவியல் ஆசிரியை):
இப்போதைக்கு வேண்டாம். தன் கண்ணில் பட்டதை அவள் மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறாள். வண்டி நின்றதும், "மரம் இப்போ ஏன் ஓடல?" என்று இம்முறை நீங்கள் கேளுங்கள்.