புதுப்பிப்பு: வீடு விற்று வாங்கியதில் தரகுச் செலவு குறைந்த விதம்

பழைய வீட்டை விற்று வேறொன்றை வாங்கும்போது தரகுச் செலவைக் குறைக்க வழியுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன்; பதிலளித்தவர்களுக்கு நன்றி. இரண்டு வேலைகளையும் ஒரே உள்ளூர்த் தரகு நிறுவனத்திடம் ஒப்படைத்து, கட்டணக் குறைப்பை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. விற்பனைக்கான தரகு விகிதத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

எதிர்பாராத வகையில், அதைவிடப் பெரிய மிச்சம் வாங்கும் பக்கத்தில் கிடைத்தது. அதே தெருவில் அண்மையில் பதிவான விற்பனை விலைகளைத் தரகர் எடுத்துக்காட்டியதாலும், கூரைக் கசிவைக் கட்டட ஆய்வறிக்கை உறுதிசெய்ததாலும், விற்பவர் பழுதுபார்க்கும் செலவை விலையில் கழித்துக்கொள்ள இசைந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள்: நான் சொல்வது என்னுடைய இரு பரிவர்த்தனைகளுக்கும் ஒரே நிறுவனம் என்பதையே. ஒரே வீட்டை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே தரகர் நின்றால், உங்களுக்காக மட்டும் பேரம் பேச அங்கே ஆளிருக்காது.